பன்னுவின் தகடு

ஆளை எண்ணுவதில் லிஸ்ட் அக்காவை மிஞ்ச ஆளில்லை என்று கிளப்பில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது? பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருடமாக டைம் கீப்பர் அவள். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எது திரும்பி வந்தது, எது வழியில் படுத்துக்கொண்டது என்பதெல்லாம் கூண்டுக்குள் உட்கார்ந்தபடியே அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளை, காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முங்குகிற ஸ்கூபா கிளப்புக்கு இழுத்து வந்தது அவள் மகள். நீச்சலே தெரியாத அம்மாவைக் கரையில் உட்காரவைத்து, "நீ சும்மா எங்க பையைப் பாத்துக்கம்மா, போதும்" என்றாள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அம்மா மட்டும் கிளப்பில் மிச்சமானாள். பையைப் பார்த்துக்கொள்ள வந்தவள் மெல்ல மெல்ல லிஸ்ட் எழுத ஆரம்பித்து, அவள் எழுதாமல் யாரும் காலை நனைப்பதில்லை என்ற அளவுக்கு வந்துவிட்டாள்.

இப்போது எழுதிக்கொண்டிருந்தது குவாரி லிஸ்ட். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு. கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பழைய குவாரி அது. ஊற்றும் மழையும் சேர்ந்து நிரம்பி, முப்பது மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் நிற்கிறது. அடியில் யாரோ விட்டுவிட்டுப் போன லாரி ஒன்று கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் அத்தனை பேருக்கும் ஆசை. பதினொரு பேர் இறங்குகிறார்கள், இரண்டு வேன், இருபத்துநாலு சிலிண்டர். கடலில் முங்கிப் பழகியவர்கள் குவாரிக்கு வரும்போது, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயத்தில் இரண்டு கிலோ குறைக்க வேண்டும். உப்பில்லாத தண்ணீர் ஆளை அவ்வளவாகத் தாங்காது. யார் யாருக்கு எவ்வளவு ஈயம் என்று எழுதியாகிவிட்டது. காற்றைக் கடகடவென்று குடித்துத் தீர்க்கிறவனையும் நிதானமாக மூச்சு விடுகிறவனையும் ஜோடி சேர்க்கக் கூடாது. ஒருத்தன் முடிந்தால் இரண்டு பேரும் மேலே வரவேண்டும், அப்புறம் திரும்பும் வழியெல்லாம் சண்டைதான். ஜோடிகளும் போட்டாகிவிட்டது, ஒரு இடத்தில் மட்டும் மூன்று பேர். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எந்த வழி, ஆக்ஸிஜன் பெட்டி எந்த வேனில் என்பது வரை முடிந்தது. மிச்சம் ஒரே ஒரு தாள்.

அந்தத் தாள் குவாரியின் சொந்தக்காரர் அனுப்பியது. போன வருடம் இவர்கள் போனபோது ஒருவர் அங்கே செத்துப்போனார். அன்று பூட்டிய கேட்டை இப்போதுதான் திறக்கச் சம்மதித்திருக்கிறார். திறக்க வேண்டுமானால் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். யார் யார் வருகிறீர்கள்? போன வருடம் நடந்தது யார் தவறால்? அந்தத் தவறு மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்திருக்கிறீர்கள்?

முதல் கேள்விக்கு அக்கா பத்து நிமிடத்தில் பதில் எழுதிவிட்டாள். இரண்டாவது கேள்வியின் எதிரே நாலு நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பதில் தெரியாமல் இல்லை. உலகத்திலேயே அந்தப் பதில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

செத்துப்போனவர் ஒரு பேக்கரிக்காரர். கிளப்பில் அவருக்குப் பெயர் பன்னு. குண்டாக, எப்போதும் சிரித்த முகமாக, எதைச் செய்தாலும் பாதியை மறந்துவிடுகிற மனிதர். கிளப்பில் ஒரு போர்டு உண்டு, முங்கப் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வரும். தலைவர் வெல்டிங் பட்டறைக்காரர், அவரே வெட்டிக் கொடுத்த தகரத் தகடுகள் அதில் ஆளுக்கொன்றாகத் தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை. தண்ணீரில் இறங்கும்போது சிவப்பைத் திருப்ப வேண்டும், கரையேறியதும் வெள்ளையை. அவரவர் தகட்டை அவரவர் கையால்தான் திருப்ப வேண்டும், அடுத்தவர் தொடக் கூடாது. கிளப்பில் சட்டம் என்று இருந்ததே இது ஒன்றுதான். பன்னு கரையேறினால் நேரே வேனில் போய்ப் படுத்துக்கொள்வார், தகடு சிவப்பாகவே தொங்கும், எல்லோரும் அவரைத் தேடி அலறுவார்கள். மூன்று தடவை இப்படி ஆன பிறகு, இன்னொரு தடவை மறந்தால் ஆறு மாதத்துக்குத் தண்ணீர் கிடையாது என்று வெல்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பன்னு அக்காவிடம் வந்து, "நீங்க போர்டுகிட்டதானே உக்காந்திருக்கீங்க, என்னுதக் கொஞ்சம் பாத்துக்குங்கக்கா" என்றார்.

அக்கா பார்த்துக்கொண்டாள். மூன்று வருடம். அவர் மேலே வருவதைக் கண்ணால் கண்டதும், யாரும் கவனிக்காத நேரத்தில் கையை நீட்டி வெள்ளையாக்கிவிடுவாள். ஒரு கை வேலை, ஒரு நல்ல மனிதருக்குச் செய்கிற சின்ன உதவி. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள். நல்ல மனசு கெடுத்த காரியங்களை எழுதப் புகுந்தால் பேப்பர் போதாது.

போன வருடம் குவாரியில் நல்ல மழை. போர்டு வேன் கதவோரம் இருந்தது. முங்கும்போது போடுகிற ரப்பர் குல்லா, அதுவும் மஞ்சள் குல்லா போட்ட ஓர் ஆள் தண்ணீரிலிருந்து ஏறி வேனுக்குப் பின்பக்கம் ஓடுவதை அக்கா பார்த்தாள். கிளப்பிலேயே மஞ்சள் குல்லா பன்னு ஒருவருக்குத்தான். கையை நீட்டித் தகட்டைத் திருப்பினாள். ஓடியது பன்னு இல்லை, கூட முங்க வந்திருந்த பள்ளிக்கூட டீச்சர். காது வலிக்கிறதென்று சொன்ன டீச்சருக்கு இறங்குவதற்கு முன்னால் பன்னு தன் குல்லாவைக் கழற்றிக் கொடுத்திருந்தார். அது அக்காவுக்கு அன்றைக்கு ராத்திரிதான் தெரிந்தது.

பன்னுவின் ஜோடி அவருடைய மனைவியின் தம்பி. எலக்ட்ரீஷியன். பன்னு அவனை 'மச்சான், மச்சான்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கிளப்புக்கே அவன் மச்சான் ஆகிவிட்டான். லாரிக்குப் பக்கத்தில் சேறு கலங்கி ஒருவரை ஒருவர் தெரியாமல் போனது. முறைப்படி ஒரு நிமிடம் தேடினான், மேலே வந்தான், தண்ணீர் முழுக்கக் கண்ணை ஓட்டினான், கரையேறி ஓடிவந்து போர்டைப் பார்த்தான். பன்னுவின் தகடு வெள்ளை. அப்பாடா என்று துணி மாற்றப் போனான். இருபத்தைந்து நிமிடம் கழித்து வேனில் தலை எண்ணும்போதுதான் ஓர் ஆள் குறைந்தது. லாரிக் கதவில் பெல்ட் சிக்கிக்கிடந்த பன்னுவை வெல்டர் தூக்கி வந்தார். மச்சான் கரையேறிய நேரத்திலிருந்து சிலிண்டரில் காற்று இன்னும் ஒரு கால் மணி நேரத்துக்கு வந்திருக்கும் என்று பரிசோதித்தவர்கள் சொன்னார்கள். தகடு சிவப்பாக இருந்திருந்தால் வெல்டர் அந்த நிமிடமே குதித்திருப்பார், பன்னு இப்போது பேக்கரியில் நின்றுகொண்டிருப்பார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

விசாரணையில் அக்கா, "யார் திருப்பினதுன்னு நான் பாக்கல" என்றாள். பயத்தில் சொன்ன ஒரு வரி. மறுநாள் மாற்றிச் சொல்லியிருக்கலாம். மறுநாளுக்குள் ஊர் வேறு கதை கட்டிவிட்டது. தான் கரையேறும்போதே தகடு வெள்ளையாக இருந்தது என்று சொல்கிறவன் மச்சான் ஒருவன்தான். ஆளைத் தொலைத்துவிட்டு வந்தவன், பழிக்குப் பயந்து அவனே திருப்பிவிட்டுக் கதை விடுகிறான் என்றார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அப்படியே நடந்தது. பன்னுவின் மனைவி சொந்தத் தம்பியின் முகத்தில் கதவைச் சாத்தினாள். பன்னு போன ஏழாவது மாதம் அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இவனை வார்டுக்குள் விடக் கூடாதென்று வாசலில் சொல்லிவைத்தாள். அம்மா போய்விட்டாள். இவனைப் பார்க்காமலேயே போனாள். இதெல்லாம் அக்காவின் காதுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் டிப்போ கூண்டுக்கு வெல்டர் போன் செய்தார்.

"அக்கா, சனிக்கிழமை சாயங்காலம் மீட்டிங். பன்னு வீட்டம்மாவும் வர்றாங்க. அந்தத் தாள்ல குடும்பத்துக் கையெழுத்தும் வேணுமாம். ரெண்டாவது கேள்விய நீங்களே எழுதிடுங்க, உங்க எழுத்துதான் படிக்கற மாதிரி இருக்கும்."

"என்னன்னு எழுதறது?"

"அதான் இப்ப பிரச்சனையே இல்லையே. போன மாசம் மச்சான் அவங்க அக்காகிட்டப் போயி ஒத்துக்கிட்டானாம். தகட்டைத் திருப்பினது நான்தான்னு."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கேட்டில் நின்றது. அக்கா அதற்கு நேரம் எழுத மறந்துபோனாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மச்சானைத் தேடிப் போனாள். பாதி கட்டிய அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடியில் வேலை செய்துகொண்டிருந்தான். ஜன்னலுக்கு இன்னும் சட்டம் வரவில்லை. சுவரில் பதித்த பைப்புக்குள் ஒயரை விட்டு இழுத்துக்கொண்டிருந்தவன் இவளைப் பார்த்ததும், "வாங்கக்கா, பாத்து வாங்க, ஆணி கிடக்கும்" என்றான். இளைத்திருந்தான். சட்டை தோளில் தொங்கியது.

"நீ ஏம்பா ஒத்துக்கிட்ட?"

"எதை?"

"நீ செய்யாததை. அந்தத் தகட்டைத் திருப்பினது நான். மஞ்சள் குல்லாவப் பாத்து அவருன்னு நினைச்சிட்டேன்."

ஒயரை இழுத்த கை நின்றது. அவன் இவளைப் பார்க்கவில்லை, ஒயரின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கு ராத்திரியே."

"சரி" என்றான். பாதியில் நின்ற ஒயரை மறுபடி இழுத்தான். முழுவதும் வெளியே வந்தபிறகு அதைச் சுற்றிக் கீழே வைத்துவிட்டு ஒரு சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்தான். "ஒரு வருஷம் எல்லார்கிட்டயும் சொன்னேன். போர்டு வெள்ளையா இருந்துச்சு, போர்டு வெள்ளையா இருந்துச்சுன்னு. பைத்தியக்காரன் மாதிரி. ஒருத்தன் நம்பல. கடைசில எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நான்தான் திருப்பித் தொலைச்சேனோன்னு. நீங்க அந்த ஓரத்துல உக்காந்து நான் கத்தறதக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க, இல்ல?"

அக்கா கீழே கிடந்த ஓர் ஆணியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"போன மாசம் கடைக்குப் போனேன். எங்கக்கா ஷட்டரை எறக்கப் போனா. நான்தான்க்கா திருப்பினேன், பயத்துல செஞ்சிட்டேன்னு சொன்னேன். ஷட்டர்ல வச்ச கைய எடுத்தா. அப்புறம், சாப்டியாடான்னு கேட்டா. ஒரு வருஷம் கழிச்சு. நிஜத்தச் சொன்னப்பல்லாம் விரட்டினா, பொய்யச் சொன்னதும் சோறு போட்டா. எனக்கு அது போதும்."

"நாளைக்கு மீட்டிங்ல நான் சொல்லிடறேம்பா. எல்லார் முன்னாடியும்."

"சொல்லாதீங்க." அவன் குரல் உயரவில்லை. "எங்கம்மாவ நான் பாக்கல. அக்கா விடல. நான் தப்பு பண்ணவன், அதனால விடல, அது நியாயம்தான்னு இப்ப நினைச்சிக்கிட்டு இருக்கா. நான் ஒண்ணுமே பண்ணலைன்னு தெரிஞ்சா அவ என்ன ஆவா? யோசிச்சீங்களா? உங்க மனசு லேசாகணும்னு எங்க அக்காவக் கொல்லாதீங்க. ஒரு வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தீங்கல்ல, அப்படியே இருங்க."

அக்கா தலையாட்டினாள். படியிறங்கும்போது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. அவனே வேண்டாம் என்கிறான், நாம் என்ன செய்ய முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அழப்போனவளுக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி வசதியாகப் போயிற்று.

சனிக்கிழமை மீட்டிங் வழக்கம்போல வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையில் நடந்தது. ஒரு பக்கம் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன, மறுபக்கம் ரப்பர் உடைகள் கொடியில் தொங்கின. நடுவில் ஒரு நீள மேஜை. காற்று நிரப்புகிற கம்ப்ரஸரை வெல்டர் நிறுத்தியதும் அறை அமைதியானது. பன்னுவின் மனைவி மாவு படிந்த செருப்போடு கடையிலிருந்து நேரே வந்திருந்தாள். பக்கத்தில் மச்சான். கிளப்பில் ஒரு வருடமாக யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு வெல்டர் தோளைத் தட்டி, "உக்காரு மச்சான்" என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டவனிடம் ஊருக்கு எவ்வளவு பிரியம் வந்துவிடுகிறது.

ஈயக் கணக்கு வாசித்தார்கள். பத்து மீட்டருக்குக் கீழே குளிர் திடீரென்று கடிக்கும், கையுறை இல்லாதவர்கள் இறங்க வேண்டாம் என்று முடிவானது. லாரிக்குள் யாரும் நுழையக் கூடாது, வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. பிறகு வெல்டர் அந்தத் தாளை அக்காவின் முன்னால் நகர்த்தினார்.

"எழுதுங்கக்கா. ரெண்டாவது. ஜோடியாகச் சென்றவர் பதற்றத்தில் தகட்டைத் திருப்பியதால் தேடுதல் தாமதமானது. பேர் வேணாம், ஜோடின்னு போட்டாப் போதும். அவர் இனி குவாரிக்கு வரமாட்டார்னும் சேத்துக்குங்க. சரிதானே மச்சான்?"

"சரிண்ணே."

அக்கா எழுத ஆரம்பித்தாள்.

"மூணாவது. ஜோடிங்களோட தகடு இனிமே பக்கத்துப் பக்கத்துல இருக்காது. போர்டோட ரெண்டு கோடியில மாட்டுவோம். போர்டு முழு நேரமும் லிஸ்ட் அக்கா பொறுப்புல இருக்கும். அவ்ளோதான்."

"அது போதுமாண்ணே?" என்று யாரோ கேட்டார்கள்.

"அக்கா இருக்கும்போது என்ன?" என்ற டீச்சர் வெல்டர் பக்கம் திரும்பினாள். "போன மாசம் கடல்ல நீங்க தகட்டத் திருப்பாமலே போய்ட்டீங்க. டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்தீங்க. நான்தான் திருப்பிவிட்டேன். அந்த மாதிரிச் சின்ன உதவி வேற, அன்னிக்கு நடந்தது வேற."

வெல்டர் சிரித்தார். "வயசாகுதில்ல. நீ பாத்துக்கிட்ட, நல்லதாப் போச்சு."

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன், அவனும் ஒருநாள் இன்னொருத்தன் தகட்டைத் திருப்பியிருப்பதாகச் சொன்னான்.

அக்காவின் பேனா நின்றது. அவள் மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறங்கப்போகிற பதினொரு பேர். இவள் எழுதுவது பொய் என்பது மட்டும் இல்லை, அந்தப் பொய் ஓட்டை இல்லாத இடத்தை அடைத்துவிட்டு ஓட்டையைத் திறந்து வைத்திருக்கிறது. இவர்களில் ஒருவர் ஒருநாள் அன்போடு கையை நீட்டுவார், இன்னொருவர் கீழே கிடப்பார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற லிஸ்ட் இது. இதை எழுதுகிற கை இவளுடையது. மச்சானுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்தது. அவன் அக்காவின் மாவு படிந்த செருப்பும் கண்ணில் பட்டது. சொன்னால் ஒரு வீடு உடையும். சொல்லாவிட்டால் எந்த வீடு என்று தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு நாள் சொல்லியிருந்தால் இதில் எதுவுமே தேவைப்பட்டிருக்காது என்பதும் அப்போதுதான் முழுசாக உறைத்தது.

"இத எழுத முடியாது" என்றாள். "பன்னுவோட தகட்டைத் திருப்பினது நான்."

மச்சான் பட்டென்று எழுந்தான். "அக்கா சும்மா சொல்றாங்க. என்னைக் காப்பாத்தறதுக்கு. நான்தான் திருப்பினேன்."

"உங்களுக்கு நல்ல மனசுக்கா" என்றார் வெல்டர். "ஆனா வேணாம். அவனே ஒத்துக்கிட்டான்."

"அவன் ஒத்துக்கிட்டது பொய். டீச்சர், அன்னிக்குக் கரையேறும்போது உன் தலையில என்ன இருந்துச்சு?"

டீச்சர் யோசித்தாள். யோசித்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. "மஞ்சள் குல்லா" என்றாள். "அவர் குடுத்தது. காது வலிக்குதுன்னு."

"மழையில அந்தக் குல்லாவத்தான் நான் பாத்தேன். அவர் ஏறிட்டார்னு திருப்பினேன். புதுசா இல்ல, மூணு வருஷமா அவருக்கு நான்தான் திருப்பிக்கிட்டு இருந்தேன். அவர் மறந்துடுவார்னு. நீங்க இப்ப சிரிச்சீங்களே, அந்தச் சின்ன உதவிதான். அதுதான் அவரக் கொன்னுச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். இவன் தலையில விழட்டும்னு விட்டுட்டேன்."

வெல்டர் மச்சானைப் பார்த்தார், அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். பன்னுவின் மனைவி லிஸ்ட் அக்காவையே பார்த்தபடி இருந்தாள்.

"அவரு சொல்லுவாரு" என்றாள் மெதுவாக. "என் தகட்டப் பத்திக் கவலையில்ல, அதுக்கு ஒரு ஆள் வச்சிருக்கேன்னு. சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. யாருன்னு நான் கேக்கல."

அவள் திட்டுவாள் என்று அக்கா காத்திருந்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அந்தப் பெண் இவள் பக்கமிருந்து முகத்தைத் திருப்பித் தம்பியைப் பார்த்தாள்.

"அப்புறம் நீ ஏண்டா அப்படிச் சொன்ன?"

"நீ கதவத் தொறக்கலையேக்கா."

"நீ எதுவுமே பண்ணலையா?"

"விடுக்கா. முடிஞ்சுபோச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

"எதுவுமே பண்ணலையாடா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். அவள் மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அடுத்து அவள் பேசியது அறையில் யாருக்காகவும் இல்லை, அவனுக்காகக்கூட இல்லை போலிருந்தது.

"அம்மா உன்னக் கேட்டாடா. ஆஸ்பத்திரில. மூணு நாளும் கேட்டா."

மச்சான் அசையாமல் நின்றான்.

"நீ கீழ மருந்துக்கடைகிட்ட நிக்கறத ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கூப்பிட்டேம்மா, அவன் வரமாட்டேன்னு சொல்லிட்டான்னு சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் உன்னக் கேக்கவே இல்ல."

வெளியே பட்டறையில் யாரோ இரும்புக் குழாய்களை இறக்கிப் போடும் சத்தம் கேட்டது. மச்சான் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான், உட்காரப் போவதுபோலத் தெரிந்தது, உட்காரவில்லை. லிஸ்ட் அக்காவைப் பார்த்தான். அவள் வாழ்க்கையில் வாங்கிய ஏச்சு பேச்சு எதுவும் அந்தப் பார்வைக்கு ஈடில்லை.

"இதுக்குத்தான் சொல்லாதீங்கன்னேன்" என்றான். "எழுதுங்க. பதினொரு பேர் இறங்கறாங்கல்ல."

அவள் எழுதினாள். போன வருடம் நடந்தது போர்டைப் பார்த்துக்கொண்டவரின் தவறால் என்று எழுதி, அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள். மூன்றாவது கேள்விக்கு, அடுத்தவர் தகட்டைத் தொடுகிறவர் அன்றோடு கிளப்பை விட்டு விலக வேண்டும் என்று எழுதினாள். முதலில் விலகுகிற ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை. தாளைப் பன்னுவின் மனைவியிடம் நகர்த்தியபோது அவள் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

பன்னுவின் மனைவியும் தம்பியும் வரும்போது ஒரே ஸ்கூட்டரில்தான் வந்திருந்தார்கள். அவள் வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பி, பின்சீட்டில் ஆள் ஏறுவதற்காகக் காலை ஊன்றியபடி வெகு நேரம் காத்திருந்தாள். அவன் அவளைத் தாண்டி, தெருவின் மறுபக்கமாக நடந்து போய்விட்டான்.